மூன்று ராடு, மூன்று மூடி

பன்னிரண்டு வருஷம் நான் பீங்கான் கம்பெனியில் நம்பர் எழுதினேன். கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் குமிழ், வீட்டில் இருக்கிற ஃபியூஸ் கட்டை, இவற்றின் அடியில் எல்லாம் குட்டியாக ஒரு எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை எழுதுவது மிஷின் என்று நினைப்பார்கள். மிஷினும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, என்னை மாதிரி ஒருத்திதான். காவிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, அது ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பிசினைக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் சுடாத சாமானின் அடியில் எழுத வேண்டும். அப்புறம் சாமான் சூளைக்குள் போய்விடும். வெளியே வந்த பிறகு எவன் தலைகீழாக நின்றாலும் அந்த எண்ணை அழிக்க முடியாது. சாமானே உடைந்தாலும் சில்லில் என் எழுத்து அப்படியே நிற்கும். அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கம்பெனியில் ஷிப்டைக் குறைத்தபோது வேலையை விட்டுவிட்டு வீட்டுக்காரர் பட்டறைக்கே வந்துவிட்டேன். ஜங்ஷன் ரோட்டுக்குப் பின்பக்கம் எங்கள் பட்டறை. டிராக்டர், லோடு ஆட்டோ, கார் என்று எதன் என்ஜின் வந்தாலும் பிரித்து, கடைந்து, அளந்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பார். ஆள் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். கழுவுவது, எடை போடுவது, சாமான்களை வரிசையாக எடுத்து வைப்பது இதெல்லாம் என் பொறுப்பு. ஆறு வருஷத்தில் ஒரு நட்டுகூட நான் மாற்றி வைத்ததில்லை.

என் தம்பி பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறான். ஓட்டுவது லாரி, கனவெல்லாம் ரேஸ் கார். கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளைத் தயார் செய்கிற பட்டறைக்காரர் ஒருவர் அவன் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "நீயே கட்டின வண்டியில ஒரு ரேஸை முழுசா ஓட்டி முடிச்சிட்டு வா, டெஸ்ட் டிரைவரா எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. முடித்தால் போதும். அந்த வருஷம் சென்னைக்குப் பக்கத்தில் நடக்கவிருந்த ஒரு ரேஸில், சொந்தமாகக் கட்டிய ஹைபிரிட் கார்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அரை மணி நேர ஓட்டம். தம்பி பேர் கொடுத்துவிட்டு, ஒரு பழைய சின்ன காரை இழுத்துக்கொண்டு நேராக எங்கள் பட்டறைக்கு வந்து நின்றான்.

"மாமா, பின்னாடி கரண்ட் மோட்டார், முன்னாடி பெட்ரோல் என்ஜின். மோட்டார் வேலைய நான் பாத்துக்கறேன். என்ஜினு நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்தணும். நீங்கதான் கட்டணும்."

"கம்பெனிக்காரன் ஆறாயிரத்துக்குத்தான் செஞ்சிருக்கான் மச்சான்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

என் வீட்டுக்காரர் மூன்று நாள் யோசித்தார். நான்காவது நாள் காலை டீ குடிக்கும்போது எனக்குச் சொன்னார். சாதாரண காரில் என்ஜின் தூங்கி எழுந்து, பல் விளக்கி, மெதுவாக வேலைக்குக் கிளம்பும். இந்த வண்டியில் அப்படி இல்லை. வளைவில் எல்லாம் கரண்டில் ஓடும். என்ஜின் தூங்கிக் கொண்டிருக்கும். நேர் ரோடு வந்ததும் தம்பி மிதிப்பான். தூங்குகிறவனை எழுப்பி அந்த நிமிஷமே தலைதெறிக்க ஓடச் சொல்கிற மாதிரி. "எண்ணெய் மேல வந்து சேர்றதுக்குள்ள எட்டாயிரத்துக்குப் போயிடும். அங்கதான் சாவும்" என்றார்.

அதனால் என்ஜின் தூங்கும்போதும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு குட்டி பம்ப் வைத்தார். வால்வு ஸ்பிரிங்கை மாற்றினார். பிஸ்டன்களும் ராடுகளும் கோயம்புத்தூரிலிருந்து வந்தன. ராடு என்றால், மேலும் கீழும் போகிற பிஸ்டனையும் சுற்றுகிற கிராங்கையும் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கை. மூன்று பிஸ்டன், மூன்று ராடு. ராடின் கீழ்முனை வளையம் மாதிரி இருக்கும், ஆனால் அந்த வளையம் இரண்டு பாதி. கீழ்ப் பாதிக்குப் பெயர் மூடி. கிராங்கின் மேல் வைத்து இரண்டு போல்ட்டால் இறுக்கிவிடுவார்கள். எட்டாயிரத்தில் அந்த வளையம் ஒரு செகண்டுக்கு நூற்று முப்பது தடவைக்கு மேல் சுற்றும். அங்கே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்க வேண்டும். படலம் அறுந்தால் வளையத்துக்குள் வைக்கிற பேரிங் தகடு கிராங்கைப் பிடிக்கும். பிடித்தால் ராடு உடையும்.

ராடு உடைந்த ஒரு டிராக்டர் என்ஜின் முன்பு எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. பக்கவாட்டு இரும்பைப் பொத்துக்கொண்டு ராடு வெளியே வந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் என் கை முழங்கை வரைக்கும் போயிற்று. டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி. தம்பி காரில் எடையைச் சமன் செய்ய என்ஜினைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அதற்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். சீட்டுக்கு அடியில் பேட்டரி.

ராடுகளை எடை பார்க்கிற வேலை எனக்கு. கம்பெனியில் சாயப் பொடி நிறுக்கிற மாதிரியான சின்னத் தராசு என்னிடம் இருந்தது. மூன்று ராடும் ஒரே எடையாக வரும்வரை அவர் தேய்த்துத் தருவார், நான் நிறுப்பேன். கால் கிராம் அதிகம் என்று சொன்னால் மறுபடி தேய்ப்பார்.

தம்பி பக்கத்தில் நின்று கிண்டல் செய்வான். "கல்யாணத்துக்கு நகை எடுக்கப்பகூட நீ இவ்ளோ பாக்கலியேக்கா."

"நகை உடைஞ்சா அடகுக் கடைக்குப் போவும். இது உடைஞ்சா நீ ஆஸ்பத்திரிக்குப் போவணும். மூடிக்கிட்டு நில்லு."

எடை முடிந்ததும் ஒவ்வொரு ராடையும் அதனதன் மூடியோடு சேர்த்து இறுக்கி, வளையத்தின் உள்பக்கத்தை அவர் கடைந்து மெருகேற்றினார். இதில்தான் விஷயம் இருக்கிறது. ஜோடியாக இறுக்கிக் கடைந்ததால் ஒரு ராடுக்கு ஒரு மூடிதான். இன்னொன்றின் மூடியும் அழகாகப் போய் உட்காரும், போல்ட்டும் இறங்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் வட்டம் மயிரிழை கோணிவிடும். மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. எட்டாயிரத்தில் அந்த மயிரிழை போதும். அவர் மயிரிழை வித்தியாசத்தையும் காட்டுகிற டயல் கருவியை வைத்து மூன்றையும் அளந்து நோட்டில் எழுதினார்.

"ஜோடி மாறாம குறி வெச்சிடு. பன்ச்சால குத்தாத. குத்தின எடத்துலதான் விரிசல் ஆரம்பிக்கும். வேற மாதிரி வை."

வேறு மாதிரி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. வீட்டில் பழைய டப்பாவில் காவிப் பொடி இருந்தது. பிசினைக் கரைத்து, ராடிலும் மூடியிலும் ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு, மூன்று மூன்று என்று அச்சு மாதிரி எழுதினேன். பத்து நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. விரலால் தேய்த்தும் பார்த்தேன், போகவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "அழியாதுல்ல?"

"பன்னெண்டு வருஷமா எழுதுனவ நானு. ஒன்னாச்சும் அழிஞ்சிருக்குதா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம். அவர் சாமான் வாங்கக் கடலூருக்குப் போயிருந்தார். வந்ததும் என்ஜினைப் பூட்ட வேண்டும், எல்லாவற்றையும் கழுவி வை என்று சொல்லிவிட்டுப் போனார். மெருகு போட்ட தூள் மண்ணெண்ணெயில் போகாது. கொதிக்கிற தண்ணீரில் சோப்புத் தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும். எப்போதும் செய்வதுதான். போல்ட்டுகளைக் கழற்றி, மூன்று ராடையும் மூன்று மூடியையும் ஒரே டப்பில் போட்டு, ரேடியோவில் வந்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தேன். தண்ணீர் லேசாகச் சிவந்தது. துருவாக இருக்கும் என்று நினைத்தேன். புது ராடில் துரு எங்கிருந்து வரும் என்று ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன். சூளைக்குப் போகாத காவி! சுடாத எழுத்து நிற்குமா? கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. சுடுகிறதுக்கு முன்னால் ஈரக் கை பட்டாலே கலைந்துவிடும், ஜாக்கிரதை என்று நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! பன்னிரண்டு வருஷமாக எழுதி எழுதி, எழுதினாலே நின்றுவிடும் என்று கைக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. நடுவில் நெருப்பு ஒன்று இருந்ததை மறந்துவிட்டேன்.

அவர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பீங்கானில் ஊசித் துளை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனேன். மெருகு போட்டபோது விழுந்த கோடுகள் ராடிலிருந்து மூடிக்குத் தொடர்ந்து போகும். அதை வைத்து ஒரு ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டேன். அது சந்தேகமே இல்லை. மற்ற இரண்டும்தான் பிடி கொடுக்கவில்லை. இப்படி வைத்தாலும் சேருகிற மாதிரி இருக்கிறது, அப்படி வைத்தாலும் சேருகிற மாதிரி இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்து கோடே தெரியவில்லை. கடைசியில் ஒரு மாதிரி முடிவு பண்ணி, ஜோடி ஜோடியாகத் தட்டில் அடுக்கி வைத்தேன். சரியாக இருக்க பாதி வாய்ப்பு. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அவர் வந்தார். தம்பியும் கூட வந்தான். அவர் கை கழுவிவிட்டு டயல் பெட்டியைத் திறந்தார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"பூட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ அளந்துக்கறேன். ஒரு மணி நேரம் ஆவும்."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அளங்க என்று சொல்லியிருந்தால் போதும். உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தால் தானாகவே வெளியே வந்திருக்கும். ஆனால் பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அதுவும் தம்பி எதிரில்.

"ஏற்கெனவே அளந்து நோட்டுல எழுதியாச்சு. திரும்ப எதுக்கு அளக்கறீங்க? நான் மாத்தி வெச்சிருப்பேன்னு சந்தேகமா? ஆறு வருஷமா ஒரு நட்டு மாறியிருக்குதா இந்தப் பட்டறையில? நம்பிக்கை இல்லன்னா சொல்லிடுங்க, நாளைலேந்து வூட்டுலயே கெடக்கறேன்!"

தம்பி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "சரி, வுடு. கத்தாத" என்று டயலைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினார். அந்தப் பெட்டி மூடிய சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நான் வைத்த வரிசையிலேயே, குறியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், மூன்றையும் உள்ளே பூட்டினார். ஒவ்வொரு போல்ட்டும் இறுகும்போது, சரியான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்ச் டக் என்றது. ஆறு டக்.

அன்றிலிருந்து பதினோரு நாள். முதலில் என்ஜினை ஸ்டாண்டில் மாட்டி மெதுவாக ஓட்டினார்கள். இரண்டாயிரம், மூவாயிரம். பூனை மாதிரி ஓடியது. தம்பி போனில் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினான். நான் அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய், அங்கே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஏதாவது தட்டுகிறதா? தட்டவில்லை. சரியாகத்தான் வைத்திருக்கிறேன் போல என்று மனசு சொல்லும். அடுத்த நிமிஷம் அந்த டிராக்டர் ஓட்டை ஞாபகத்துக்கு வரும்.

ஐந்தாயிரத்துக்குப் போனார்கள். ஆறாயிரம். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு நாள் போகப்போக, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு திட்டு. மூன்றாம் நாள் சொல்லியிருந்தால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று இரண்டு திட்டு. எட்டாம் நாள் வண்டியில் என்ஜினை ஏற்றி, ஒயர் எல்லாம் இழுத்து, வண்டிக்குச் சிவப்பு பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

அதிலும் தம்பி வேறு, பார்க்கிறவர்களிடம் எல்லாம், "ராடு எடையெல்லாம் எங்க அக்கா பாத்ததுங்க. கால் கிராம் தப்பாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சும்மா இருடா என்று எரிந்து விழுந்தேன். அவன் அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

ரேஸ் சனிக்கிழமை. அதற்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை முதல் தடவையாக ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. நான் வேலை பார்த்த கம்பெனி இருக்கிற பீங்கான் எஸ்டேட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு ரோடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள். ஒரு பக்கம் உடைந்த சாமானைக் கொட்டி வைத்த மேடு, இன்னொரு பக்கம் கருவேலம். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

முதல் ரவுண்டு வெறும் கரண்டில். சத்தமே இல்லாமல் போய்த் திரும்பி வந்தான். இரண்டாவது ரவுண்டில் நேர் ரோட்டில் மிதித்தான். என்ஜின் சட்டென்று எழுந்து கத்தியது. மேட்டிலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தி, கதவுக் கண்ணாடியை இறக்கினான். முகமெல்லாம் பல்.

"ஆறாயிரத்து ஐந்நூறு மாமா! வெண்ணெ மாதிரி போவுது. இப்ப எட்டு போடறேன்."

என் வீட்டுக்காரர் உள்ளே குனிந்து மீட்டரைப் பார்த்தார். "எண்ணெ பிரஷர் கொஞ்சம் எறங்குது போல இருக்குது."

"சூடு ஏறிச்சுல்ல, அதான்."

"ம்... புது என்ஜினு. செட் ஆயிடும்னு நெனைக்கறேன்."

செட் ஆகாது. அது எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டம் கோணினால் எண்ணெய் அந்த இடுக்கில்தான் ஓடிப்போகும். அந்த நிமிஷம் வரைக்கும் பாதி வாய்ப்பு, பாதி வாய்ப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதி என் கையை விட்டுப் போய்விட்டது. தம்பி ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினான். எனக்கு முன்னால், தகரத்துக்குப் பின்னால் இருந்த அவன் இரண்டு முழங்காலும் தெரிந்தன. வண்டி நகர்ந்தது.

ரேஸ் வண்டியில் வெளியிலேயே ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்திருப்பார்கள், ஆபத்து வந்தால் யார் வேண்டுமானாலும் அமுக்குவதற்கு. நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. செருப்பு ஒரு பக்கம் கழன்று போனது. இரண்டு கையாலும் அந்த சுவிட்சை அடித்தேன். வண்டி செத்து நின்றது.

"யக்கா! என்னா பண்ற நீ? பைத்தியமா?"

"எறங்குடா. எறங்கு முதல்ல. மூடி மாறியிருக்குது."

"என்னா மாறியிருக்குது?"

"ராடு மூடி. கழுவறப்ப குறி அழிஞ்சிடுச்சு. ரெண்டாவதும் மூணாவதும் எது எதுன்னு தெரியல. நானா குத்துமதிப்பா வெச்சேன். அவரு அளக்கறேன்னு சொன்னாரு, நான்தான் கத்தி அளக்க வுடல. எறங்குடா சாமி, உன் கால்ல வுழறேன்."

இத்தனையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. யாரோ தெரியாத பொம்பளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

"காவியாலயா எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

வண்டியைக் கரண்டிலேயே மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். அடியில் படுத்து, எண்ணெயை வடித்து, கீழ்த் தட்டைக் கழற்றி, இரண்டாவது மூடியையும் மூன்றாவது மூடியையும் இறக்கினார். உள்ளே இருக்கிற பேரிங் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரு ஓரத்தில் சாம்பல் நிறம் தேய்ந்துபோய் செம்பு தெரிந்தது. கிராங்கில் விரலை வைத்துத் தடவச் சொன்னார். தடவினேன். கீறலில் நகம் மாட்டியது.

"எட்டாயிரத்துல ஒரு ரவுண்டு தாங்கியிருக்காது" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொன்னார்.

தம்பி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

ராடுகளை வெளியே எடுத்து, மூடியை ஒன்றுக்கொன்று மாற்றி இறுக்கி, டயல் வைத்து அளந்தார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எழுதிய அதே எண்ணில் முள் வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. மூன்றும் சரி. ஜோடி கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது ஜோடி கிடைத்து என்ன பிரயோஜனம்? கிராங்கைக் கடைய வேண்டும். கடைந்த அளவுக்குப் புதுப் பேரிங் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். தம்பி அங்கே போன் போட்டான். வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். ரேஸுக்கு ஆறு நாள்தான் இருந்தது. அதற்கு முன்னால் முடியாதா, பஸ்ஸில் போட்டு விட முடியாதா, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். இருந்தால்தானே தருவார்கள். சரிங்க, சரிங்க என்று போனை வைத்தான்.

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "திட்டிடுடா. நாலு வார்த்தை திட்டிடு. இப்படி உக்காராத."

அவன் சோப்புத் தூளால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ குறி அழிய வுட்டதுக்கு எனக்கு கோவமே இல்லக்கா. யாரா இருந்தாலும் ஆவும். இன்னைக்கு எறங்குன்னு சொன்ன, அதுக்கு என் உசுரையே உனக்குக் குடுக்கலாம்."

"அப்பறம் ஏன்டா..."

"மாமா பெட்டியத் தொறந்தாரே அன்னைக்கு. ஒரு மணி நேரம்னு சொன்னாரே. அதான்க்கா."

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. தெருவில் தண்ணீர் சண்டையாகட்டும், கம்பெனியில் சூப்பர்வைசராகட்டும், ஒருத்தரும் என்னைப் பேசி ஜெயித்ததில்லை. அன்றைக்கு நான் சுவரில் மணியைப் பார்த்தேன். அவர் மூடி மாற்றி அளந்து முடிக்க மொத்தம் ஐம்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"சாப்ட்டுட்டு போடா" என்றேன்.

"இல்லக்கா. காலைல லோடு இருக்குது. போயிட்டு வரேன்."

மறுநாள் விடியற்காலையில் பெண்ணாடத்துக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனான். ரேஸ் நடந்த சனிக்கிழமையும் போனான்.